மலைக்காற்றும் சிறு இயந்திரமும்: நுவரெலியா மலையேற்றப் பந்தயங்கள் வழியாக ஒரு வரலாற்று நோக்கு

நுவரெலியாவின் சித்திரை வசந்த காலத்தைப் பற்றி எழுதப் புகுவோர் குதிரைப் பந்தயத்தையும் மலர்க் கண்காட்சியையும் கூறி அமைவதே வழக்கமாக உள்ளது. அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு நிகழ்ச்சி பெரும்பாலும் விளையாட்டுச் செய்தியின் அளவிலேயே நின்றுவிடுகின்றது. 1934ஆம் ஆண்டில் முதன்முதலாக நடைபெற்ற மாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் பந்தயமே அதுவாகும். இலங்கையின் மோட்டார்ப் பந்தயங்களுள் மிகப் பழையது இதுவே எனக் கொள்ளப்படுகின்றது. நகரை ஒட்டிய மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் வீதியே பந்தயப் பாதை. நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள ரதல்லையிலும் இதனையொத்த பந்தயம் நடைபெற்று வந்துள்ளது. இப்பந்தயங்களில் வண்டிகள் ஒன்றையொன்று முந்தி ஓடுவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே அடிவாரத்திலிருந்து புறப்பட்டு மேலேறுகின்றது. ஓடுபவனுக்கு எதிராளி கடிகாரமே. எனவே இயந்திரத்தின் குறையை ஓட்டத்தின் நெரிசலிலே மறைத்துவிட முடியாது.

இவ்வீதியின் வரலாறு பந்தயத்தின் வரலாற்றிலும் முந்தியது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கொழுந்தைத் தொழிற்சாலைக்கும் தேயிலைப் பெட்டியைப் புகையிரத நிலையத்துக்கும் கொண்டுசெல்லவே மலைச்சரிவுகளில் இத்தகைய வீதிகள் வெட்டப்பட்டன. வெட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். மாட்டு வண்டி ஏறத்தக்க சாய்வு, மலையின் மடிப்புக்கேற்ற கொண்டையூசி வளைவு, ஒரு பக்கம் மண்சுவரும் மறுபக்கம் பள்ளமும் என்பனவே அவற்றின் இலக்கணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு மோட்டார் வண்டி வந்தது. 1904இல் இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் தோன்றியது. தோட்டத்துரைமாருக்கு மோட்டார் வண்டி தொழிலுக்கும் வேண்டியிருந்தது, பொழுதுபோக்குக்கும் வேண்டியிருந்தது. வீதியை வெட்டியவரின் பிள்ளைகள் தேயிலைச் செடிகளுக்கிடையே நின்று பார்க்கும் பார்வையாளராயினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் அவர்களுட் பெரும்பாலோர் தாம் நின்ற நாட்டிலேயே உரிமையற்றோராயினர் என்பதையும் இவ்விடத்துக் குறிப்பிடாது செல்லுதல் முறையன்று. பந்தயத்தைப் பற்றிய வரலாறு ஓட்டியவர்களின் பெயர்ப் பட்டியலோடு முடிந்துவிடுவதன்று.

மலையிலே வண்டியைச் சோதித்தல் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பிரான்சின் தென்கரையில் நீஸ் நகரிலிருந்து லா தூர்பிக்கு ஏறும் வீதியில் 1897இலேயே பந்தயம் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் பாதையில் 1905இலும், அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் 1916இலும் பந்தயம் தொடங்கிற்று. ஆயின் ஷெல்ஸ்லி வால்ஷ் கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயராத ஒரு குன்று. பைக்ஸ் சிகரமோ 4,300 மீற்றருக்கு மேற்பட்டது. நுவரெலியா இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதன் உயரம் 1,868 மீற்றர். இந்த எண்ணை மனத்திற் கொள்ளாது மலைநாட்டின் இயந்திரங்களைப் பற்றிப் பேசுதல் பயனற்றது.

இயந்திரம் எரிப்பது பெற்றோலை மட்டுமன்று, காற்றையும் எரிக்கின்றது. ஒரு பங்கு பெற்றோலை முழுமையாக எரிக்க, நிறையின்படி ஏறத்தாழப் பதினைந்து பங்கு காற்று வேண்டும். பெற்றோலை எவ்வளவும் ஊற்றலாம். காற்றுத்தான் எல்லை வகுப்பது. சாதாரணச் சிறு வண்டியின் இயந்திரத்துக்குக் காற்றைத் தள்ளிக் கொடுப்பார் எவருமில்லை. முசலம் கீழிறங்கும்போது உருளையினுள் தோன்றும் வெறுமையை நிரப்ப, வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கமே காற்றை உள்ளே செலுத்துகின்றது. இத்தகைய தன்னுறிஞ்சல் இயந்திரத்தின் வலிமை, அது நிற்கும் இடத்துக் காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கடல்மட்ட அமுக்கத்தின் ஐந்தில் நான்கு பங்கு அளவினதே. கொழும்பிலும் பார்க்க அங்கு குளிர் மிகுதி ஆகையால் அடர்த்தி சற்று ஈடுசெய்யப்படுகின்றது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடின் கொழும்பில் உறிஞ்சும் காற்றில் நூற்றுக்கு 83 பங்கே நுவரெலியாவில் உருளையை அடையும். ஏறக்குறைய 1,260 மீற்றர் உயரத்திலுள்ள ஹற்றனில் இது 88 பங்கு அளவாகும். இயந்திரத்தின் உள்ளுராய்வு மலையேறினாலும் குறைவதில்லை ஆதலின், சில்லுக்கு வந்து சேரும் வலுவின் இழப்பு இக்கணக்கிலும் சற்று மிகுதியாகவே இருக்கும்.

இவ்விழப்பை நேரடியாக வெல்லும் வழி காற்றைத் தள்ளுவதாகும். தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. வாட்டும் தட்டுகளிற் பரப்பிய கொழுந்தினூடாக விசிறியால் காற்றைச் செலுத்தாது, காற்றுத் தானே வரட்டும் என விட்டிருந்தால் மழைக்காலத்தில் கொழுந்து வாடுவதெப்போது? மோட்டார் இயந்திரத்துக்கும் அத்தகைய விசிறியைப் பூட்டலாம் என்பது இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலேயே நன்கறியப்பட்டிருந்தது. ஆஸ்டின் செவன் என்னும் சிறு வண்டி 1922இல் வெளிவந்தபோது அதன் வலு 10 பரிவலுவை அடுத்ததாகவே இருந்தது. அதன் பந்தய வடிவமான அல்ஸ்டர், 1930இல் காற்றழுத்தியுடனும் அஃதின்றியும் விற்கப்பட்டது. ஆனால் காற்றழுத்தி விலை கூடியது; இயந்திரத்துக்கு மிகுந்த வெப்பத்தையும் சுமையையும் தருவது; பழுதுற்றால் உதிரிப்பாகம் கடல் கடந்து வரவேண்டும். திங்கட்கிழமை காலையில் அதே வண்டியிலே வேலைக்குச் செல்லவேண்டியவனுக்கு அது ஏற்றதன்று. எனவே தன்னுறிஞ்சல் இயந்திரத்தை வைத்துக்கொண்டே இழந்ததை எவ்வாறு மீட்பது என்பதே மலைநாட்டுச் சிறு வண்டிக்காரரின் கேள்வியாயிற்று.

இக்கேள்விக்கு மிக விரிவான விடை தந்தது ஓர் இங்கிலாந்து இயந்திரம். ஆஸ்டின் நிறுவனம் 1951இல் ஏ30 வண்டிக்காக அமைத்த நான்கு உருளை இயந்திரம், ஏ வரிசை எனப் பெயர் பெற்று 2000ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு உற்பத்தியில் நிலைத்தது. ஏ30இல் 803 கன சென்ரிமீற்றரும் 28 பரிவலுவும் கொண்டு தொடங்கிய இது, 1952 முதல் மொறிஸ் மைனரிலும், 1959இல் அலெக் இசிகோனிஸ் வகுத்த மினியிலும் பொருத்தப்பட்டது. இலங்கையில் மருத்துவரும் ஆசிரியரும் தோட்ட உத்தியோகத்தரும் வைத்திருந்த சிறு வண்டிகளைக் கூறுமிடத்து, மொறிஸ் மைனரின் பெயர் முதல் வரிசையில் வருவதாகும்.

மினியின் 848 கன சென்ரிமீற்றர் இயந்திரம் தந்தது 34 பரிவலு. இதனை நுவரெலியாவுக்கு ஏற்றி 83 பங்காகக் குறைத்துப் பார்த்தால் கிடைப்பது 28 பரிவலு. அஃதாவது 1951இலிருந்து 1959 வரை எட்டு ஆண்டுகளில் பொறியியலாளர் ஈட்டிய முன்னேற்றம் முழுவதையும் மலை திரும்ப எடுத்துக்கொண்டு, வண்டியைத் தொடக்க நிலைக்கே கொண்டுவந்து விடுகின்றது. 1961இல் பந்தயப் பொறியியலாளர் ஜோன் கூப்பரின் தூண்டுதலால் வெளிவந்த மினி கூப்பர், 997 கன சென்ரிமீற்றரில் 55 பரிவலு தந்தது. மலையில் அது 46க்கும் குறைவாகும். இம்மலைநாட்டில் இயந்திர மேம்பாடு என்பது பெரும்பாலும் இழந்ததை மீட்கும் முயற்சியே என்பது இதனாற் புலனாகும். கடல்மட்டத்துக் கராஜ்காரரின் விலைப்பட்டியலில் காணும் எண்களை அப்படியே நம்பி மலையேறியவர் ஏமாற்றமடைந்ததும் இதனாலேயே.

மீட்பதற்குரிய பொருள் எங்கிருந்து வரும்? 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை நாட்டிலிருந்த வண்டிகளே மீண்டும் மீண்டும் பழுதுபார்க்கப்பட்டு ஓடின. இங்கிலாந்தில் அக்காலம் மினியின் பொற்காலம். கூப்பர் எஸ் வண்டி 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோ ஓட்டத்தில் வெற்றி பெற்றது. வில்ட்ஷயரின் டவுன்டன் என்னும் சிற்றூரில் டானியல் றிச்மண்ட் நடத்திய நிறுவனம் ஏ வரிசையின் உருளைத் தலையைச் செதுக்கிப் புகழ் பெற்றுக்கொண்டிருந்தது. அதே ஆண்டுகளில் இங்கே ஒரு வால்வு கிடைப்பதே அரிதாயிருந்தது. இவ்வறுமை ஒரு வகையில் நல்லாசிரியனாகவும் அமைந்தது எனலாம். வாங்க முடியாதவன் சிந்திக்கவேண்டியவனானான். தேயிலைத் தொழிற்சாலைகளின் இயந்திரங்களைப் பராமரித்த பிற்றர்மாரும், தோட்ட லொறிச் சாரதிகளும், ஹற்றன், நுவரெலியா நகரங்களின் கராஜ்களில் வேலை பழகிய இளைஞரும் கைவினைத் திறனுக்குக் குறைந்தவரல்லர். அவர்களின் பெயர்களைப் பந்தய வெற்றிப் பட்டியல் தாங்கி நிற்பதில்லை.

இத்தகைய சூழலில் எது செய்யத்தக்கது, எது வீண் என்பதற்கு விடை காண இயந்திரத்தின் இயல்பையே துணைக்கொள்ள வேண்டும். முதலில் நிற்பது மேம்பாடு என்று எவரும் பெயரிடாத ஒரு வேலை. பல்லாயிரம் மைல் ஓடித் தேய்ந்த இயந்திரத்தில் வால்வுகள் இறுக மூடுவதில்லை. முசல வளையங்களினூடே அமுக்கம் கசிகின்றது. வால்வுகளை அரைத்துப் பொருத்தி, வளையங்களை மாற்றி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கு இயந்திரத்தைத் திருப்புவதே தேய்ந்த வண்டிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பேறு. பளபளக்கும் புதுப் பாகமொன்றைத் தேய்ந்த இயந்திரத்தின் மேற் பூட்டுதல், ஒழுகும் கூரைக்கு வர்ணம் பூசுவதை ஒத்தது.

அடுத்தது கலவை. ஏ வரிசை இயந்திரங்களிற் பொருத்தப்பட்டது எஸ்.யு. காபரேற்றர். இதன் துளையில் ஓர் ஊசி ஏறியிறங்கிப் பெற்றோலின் அளவை வகுக்கும். கடல்மட்டத்துக்கெனத் தெரிந்த ஊசியோடு நுவரெலியா ஏறினால், காற்று மெலிந்த அளவுக்குப் பெற்றோல் மெலிவதில்லை. கணக்கிடின் கலவை நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் செறிவு கூடிவிடும். புகைபோக்கி கறுக்கும், தீப்பொறிச் செருகி கரிபடியும், வண்டி இழுக்காது. இதனைத் திருத்த வேண்டுவது சற்றுத் தடித்த ஓர் ஊசியும் அரை மணி நேரமுமே. தீப்பொறி விழும் நேரத்தைச் சில பாகை முன்தள்ளுதலும் இவ்வகையினதே. மெலிந்த கலவை மெல்லவே எரியும் ஆதலின், அதற்குச் சற்று முன்னரே தீ மூட்டவேண்டும். விலை குறைந்த வேலைகளுள் இவ்விரண்டுக்கும் நிகரானது வேறில்லை. ஆயினும் இவை கண்ணுக்குத் தெரிவனவல்ல. நண்பரிடம் திறந்து காட்டிப் பெருமைப்பட இவற்றில் எதுவுமில்லை.

அமுக்க விகிதத்தை உயர்த்துதல் இதிலும் நுட்பமான தெரிவு. உருளைத் தலையின் அடிமுகத்தைச் சிறிதளவு சீவினால் எரியறை சுருங்கும். சாதாரண மினியின் விகிதமான 8.3ஐ 9.5 வரை உயர்த்தின், கோட்பாட்டளவில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு வலு மிகும். சமவெளியில் இதற்குத் தடையாவது இயந்திரத் தட்டல். கலவை தீப்பொறிக்கு அடங்காது தானே வெடித்து முசலத்தைச் சேதப்படுத்தும். மலையிலோ உருளைக்குட் புகும் காற்றே குறைவு, அமுக்கமும் குறைவு. ஆகவே அதே பெற்றோலில் உயர்ந்த விகிதத்தை இயந்திரம் தாங்கும். மலை எடுத்துக்கொண்டதற்குப் பதிலாகத் தரும் சலுகை இது ஒன்றே. ஆயின் இச்சலுகைக்கு ஓர் எல்லையுண்டு. நுவரெலியாவுக்கெனச் சீவிய தலையோடு அவ்வண்டி கொழும்புக்கு இறங்கினால், அவிசாவளையைத் தாண்டும்போதே அடர்ந்த வெப்பக் காற்றில் தட்டத் தொடங்கிவிடும். சீவிய இரும்பை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. வண்டி எங்கு வாழப் போகின்றது என்பதை அறியாது இவ்வேலையைத் தொடங்குதல் தகாது.

இனி மூச்சுவழி. ஏ வரிசை இயந்திரத்தின் உருளைத் தலையில் நான்கு உருளைகளுக்கும் காற்றுப் புகும் வாயில்கள் இரண்டே. பக்கத்துப் பக்கத்து உருளைகள் இரண்டு ஒரே வாயிலைப் பங்கிட்டுக் கொள்கின்றன. எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2 ஆதலால், கூட்டாளிகளான இரு உருளைகளும் ஒன்றையடுத்து ஒன்று உறிஞ்சுகின்றன. ஒன்றின் மூச்சை மற்றொன்று பறிக்கின்றது. ஹறி வெஸ்லேக் வகுத்த இதய வடிவ எரியறை எவ்வளவு சிறப்பாயினும் இக்குறை பிறவிக் குறையாகவே நின்றது. புகை வெளியேறும் வாயில்கள் மூன்று. நடுவிலுள்ளது இரண்டு உருளைகளுக்குப் பொது. வாயில்களின் உட்சுவரை வழுவழுப்பாக்குதல், வால்வின் அடியிலுள்ள விளிம்பைச் செப்பனிடுதல், நடுக்கிளை நீண்ட மூன்று கிளைப் புகைக்குழாயைப் பொருத்துதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தே பயன் தருவன. றிச்மண்ட் போன்றோரின் புகழ் இவ்வொற்றுமையை உணர்ந்ததிலேயே தங்கியிருந்தது. ஒன்றை மட்டும் வாங்கிப் பொருத்தியவனுக்குப் பெரும்பாலும் ஓசையே மிஞ்சிற்று.

கேம் தண்டின் தெரிவில்தான் மலைநாட்டு அனுபவமும் சமவெளி அனுபவமும் முற்றாகப் பிரிகின்றன. களுத்துறைக்கு அண்மையில் கட்டுகுருந்தையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படை அமைத்த விமான ஓடுபாதை பின்னர் மோட்டார்ப் பந்தயத் தளமாயிற்று. அது தட்டையானது, கடலை அடுத்தது, நீண்ட நேர்ப்பகுதியில் இயந்திரத்தை உயர்ந்த சுழற்சியிலே வைத்திருக்க இடமுண்டு. வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் பந்தயக் கேம் தண்டு அங்கே தன் திறனைக் காட்டும். அதே தண்டை மாகஸ்தோட்டைக்குக் கொண்டுவந்தால், ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் சுழற்சி வீழ்ந்து, இயந்திரம் இழுவையற்று இருமி நிற்கும். தாழ்ந்த சுழற்சியில் அத்தண்டு உறிஞ்சிய காற்றில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவதே காரணம். ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு காற்றை இழந்த இயந்திரத்துக்கு இது இரட்டைத் தண்டனை. மலையேற்றத்துக்கு வேண்டுவது உச்ச வலுவன்று. வளைவிலிருந்து வெளிவரும்போது நடுச்சுழற்சியில் எழும் முறுக்குவிசை. உச்சப் பரிவலுவை மட்டும் எண்ணி வாங்கியவன், அந்த உச்சத்தை எட்டுவதற்குள்ளேயே அடுத்த வளைவு வந்துவிடும் என்பதை எண்ணவில்லை.

இயந்திரத்தைத் தொடாமலே இயந்திரத்தை வலுப்படுத்தும் வழியொன்றும் இருந்தது. சாதாரண மினியின் இறுதிப் பல்லிணை விகிதம் 3.765. இதற்குப் பதிலாக 4.133 விகிதப் பல்லிணையைப் பொருத்தினால் ஒவ்வொரு கியரிலும் சில்லை அடையும் இழுவிசை நூற்றுக்குப் பத்துப் பங்களவு மிகும். உச்ச வேகம் குறையும். ஆனால் மாகஸ்தோட்டையில் உச்ச வேகத்தை எட்ட இடம் எங்கே உள்ளது? அவ்வாறே எடையும். மினியின் எடை 600 கிலோகிராம் அளவினது. பின்னிருக்கை, மிகைச் சில்லு, கம்பளம் என நாற்பது கிலோகிராமைக் கழற்றி வைத்தால் ஓட்டுநருடன் கூடிய நிறையில் நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். ஏறுவழியில் அது ஆறு பங்கு வலுவைப் பெற்றதற்கு ஒப்பாகும். செலவு யாதுமில்லை; பந்தயம் முடிந்தபின் இருக்கையைத் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம்.

1977இன் பின் யப்பானிய வண்டிகள் பெருகின. பந்தயப் பிரிவுகளிலும் மினியோடு போர்ட் லேசர், மஸ்டா ஆகியன இடம்பெற்றன. பிற்காலத்தில் நிசான் மார்ச் வண்டிக்கும் தனிப்பிரிவு வகுக்கப்பட்டது. 1992இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை மார்ச்சின் சிறிய இயந்திரம், தற்செயலாக, 1961ஆம் ஆண்டின் மினி கூப்பரைப் போலவே 997 கன சென்ரிமீற்றர் கொண்டது. அதன் வலுவும் ஏறத்தாழ 55 பரிவலுவே. முப்பது ஆண்டுகளுக்கு முன் பந்தயப் பொறியியலாளர் ஒருவரின் துணையோடு இரட்டைக் காபரேற்றர் பூட்டிப் பெற்ற வலுவை, சந்தைக்குச் செல்லும் குடும்ப வண்டி ஓசையின்றி, குறைந்த பெற்றோலிலே தந்தது. உருளைக்கு நான்கு வால்வுகள், தனித்தனி வாயில்கள், காற்றின் அளவை உணர்ந்து பெற்றோலைத் தெளிக்கும் மின்னணுக் கட்டுப்பாடு என்பன, முன்னர் கராஜ்காரர் கைவேலையால் தேடியவற்றைத் தொழிற்சாலையிலேயே நிறைவேற்றிவிட்டன. இவ்வண்டி நுவரெலியா ஏறும்போது ஊசி மாற்ற வேண்டுவதில்லை. காற்று மெலிந்ததை அது தானே அறிந்துகொள்ளும். அறிந்து பெற்றோலைக் குறைக்குமேயன்றி, இல்லாத காற்றை உண்டாக்க அதனாலும் இயலாது. எனவே இன்று இத்தகைய வண்டிக்கு விற்கப்படும் அகன்ற காற்றுவடியும் பருத்த சைலன்சரும் தரத்தக்க பயன் மிகச் சிறிது. இயந்திரத்தின் சூடான மூடிக்கடியில் வைத்த திறந்த காற்றுவடி, குளிர்ந்த மலைக்காற்றை விட்டு வெப்பக் காற்றை உறிஞ்சி, இருந்ததையும் குறைத்துவிடுவதும் உண்டு.

பழைய இயந்திரங்களை வைத்திருப்போர்க்கு வேறொரு தேவை எழுந்தது. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் கைவிடப்பட்டபின், ஏ வரிசையின் இரும்பு உருளைத் தலையில் வால்வு அமரும் விளிம்புகள் காப்பிழந்து தேயலாயின. கடினமான விளிம்பு வளையங்களைப் பொருத்துதல் வலுவைச் சற்றும் கூட்டாது. ஆயினும் இருக்கும் வலுவைக் காக்க அதுவே செய்யத்தக்க முதற்செலவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டியைக் காத்தல் என்பது 1960களின் பாடத்தை மறுபடி படிப்பதாகவே அமைந்தது.

வலுவைப் பற்றி இத்துணை கூறியபின், வலுவோடு சேர்த்து வாங்கவேண்டியதும் கூறப்படல் வேண்டும். நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியசில் கொதிக்கும். பருப்பு வேகாமையால் இல்லத்தரசியர் அறிந்த இவ்வுண்மை வண்டியின் குளிர்நீர்த் தொட்டிக்கும் பொருந்தும். அமுக்கம் தாங்கும் அதன் மூடி பழுதுற்றிருந்தால் ஏற்றத்தின் நடுவிலேயே நீர் கொதித்தெழும். இதனினும் பெரிது தடுப்பு. மேலேறிய வண்டி கீழிறங்க வேண்டும். றம்பொடைப் பக்கமாயினும் ஹற்றன் பக்கமாயினும் இறக்கம் நீண்டது; அழுத்தியபடியே இறங்கினால் பழைய உருளைவடிவத் தடுப்புகள் சூடேறிப் பிடியிழக்கும். 2023 சனவரி 20இல் நானுஓயா ரதல்லைக் குறுக்கு வீதியின் இறக்கத்தில், பஸ் வண்டியொன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு உயிர்கள் பலியாயின. அது பந்தயமன்று, அன்றாடப் பயணம். 2024 ஏப்பிரல் 21இல் தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தின்போது பாதையை விட்டு விலகிய வண்டி பார்வையாளரிடையே பாய்ந்ததில் எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தோருள் வேடிக்கை பார்க்க வந்து ஓரத்தில் நின்றோரும் பந்தய உத்தியோகத்தரும் அடங்குவர். மலைநாட்டுப் பந்தயங்களில் பாதையோரத்தில் நிற்போர் யாவர் என்பது 1934இலிருந்து பெரிதும் மாறிவிடவில்லை.

1961இல் மினியின் 34 பரிவலுவை 55ஆக உயர்த்தி விற்க முன்வந்தபோது, அந்நிறுவனம் இயந்திரத்தை மட்டும் மாற்றி அனுப்பவில்லை. அதே வண்டியின் முன்சில்லுகளில் உருளைவடிவத் தடுப்புகளை நீக்கி, ஏழு அங்குல வட்டத்தகட்டுத் தடுப்புகளைப் பொருத்தியே அனுப்பிற்று.